மீனாக்காவின் இருபத்தொரு சுற்று

எங்கள் ஒழுங்கையில் உள்ள பெண்களின் நெஞ்சளவெல்லாம் மீனாக்காவுக்கு மனப்பாடம். யாருக்கு இடப்பக்கம் அரை அங்குலம் கூடுதல், யாருக்குப் பிள்ளை பெற்ற பிறகு தோள் இறங்கிவிட்டது, யார் கவலையில் மெலிந்துபோய் அதை மறைக்கத் தளர்வாகத் தைக்கச் சொல்கிறாள் என்பதெல்லாம் அவருடைய விரல்களுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது. அத்தனை வருடம் சீலைச் சட்டை தைத்தும் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு சொல் வாசற் படலை தாண்டி வந்ததில்லை.

தன்னுடைய அளவை மட்டும் அவர் எடுத்ததே கிடையாது. பழைய சட்டை ஒன்றை விரித்து, அதன்மேல் துணியைப் போட்டு வெட்டிவிடுவார். 2018 ஆவணியில் அப்படி வெட்டித் தைத்த புதுச் சட்டை இடப்பக்கம் பிடித்தது. தையலில் பிழை என்று நினைத்துப் பிரித்துத் தைத்தார். மறுபடியும் பிடித்தது. மூன்றாம் தடவை சட்டையைக் கதிரை முதுகில் போட்டுவிட்டு, தன் இடது மார்பில் கையை வைத்துப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நாலு.

மீனாம்பிகை பிறந்தது கோப்பாயில். குமர்ப்பிள்ளையாக இருந்த காலத்தில் மானிப்பாய்க்குச் சைக்கிளில் போய்த் தையல் பழகியவர். எதிர்க்காற்றில் மிதித்து மிதித்துத்தான் தனக்கு இந்தக் கால்கள் வந்தன என்று சொல்வார். 1997 மாசியில் இணுவிலில் தில்லைநாதனைக் கட்டி எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். தில்லையண்ணைக்கு வெங்காயமும் புகையிலையுமாகத் தோட்டம். மீனாக்காவுக்குக் காலால் மிதிக்கிற தையல் மிசின். மிசினின் சத்தம் மதிலுக்கு இந்தப்பக்கம் எங்களுக்கும் கேட்கும். அது நின்றால் மத்தியானமாகிவிட்டது என்று தெரியும். பிறகு ஸ்கூட்டி வந்தது. அதற்குப் பிறகு மிசினுக்கு மோட்டர் பூட்டினார்கள். சத்தம் மெல்லிய இரைச்சலாக மாறியது. கால்கள் இரண்டும் ஓய்ந்து போயின.

ஒழுங்கை முடிகிற இடத்தில் அம்மன் கோயில். ஆனியில் கொடியேறும். பன்னிரண்டு நாளும் நாளுக்கொரு திருவிழா. அதில் ஐந்தாம் திருவிழா தில்லையண்ணையின் ஆட்கள் செலவு ஏற்றுச் செய்கிற உபயம். அன்றைக்குப் புருசனும் பெண்சாதியுமாகப் போய் நிற்கவேண்டும். கலியாணம் முடித்து வந்த முதல் வருடம், அந்த நாள் காலையில் மீனாக்காவுக்கு மாதத்துடக்கு வந்துவிட்டது. அந்தத் தீட்டோடு கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. ஐயர் “தம்பதியா வாங்கோ” என்று கூப்பிட்டபோது தில்லையண்ணை தனியே போய் நின்றார். “புதுப்பொம்பிளை எங்கை?” என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் செருமினார். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மீனாக்கா வீட்டின் பின்னறையில் பாயில் இருந்தபடி மேளச்சத்தத்தைக் கேட்டார்.

அடுத்த வருடத்திலிருந்து குளிசை. ஊரில் இது புதினமில்லை. திருவிழாவோ, கலியாணவீடோ, விரதமோ வந்தால் பாமசியில் மாத்திரை ஒரு கார்ட் வாங்கிப் போட்டு நாளைத் தள்ளிவைப்பது பெண்களுக்குள் இருக்கிற வழக்கம். ஆண்களுக்குச் சொல்வதில்லை. கொடியேற மூன்று நாள் முந்தித் தொடங்கித் தீர்த்தம் வரைக்கும் மீனாக்கா போடுவார். மிசின் மேசையின் லாச்சியை இழுத்தால் நூல்கட்டைகளுக்குக் கீழே எப்போதும் இரண்டு கார்ட் கிடக்கும். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் குனிந்து மெதுவாகக் கேட்டால், கேட்டவளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுப்பார்.

தில்லையண்ணைக்கு இதொன்றும் தெரியாது. “என்ரை மனுசிக்கு அம்மாளாச்சியே நாள் பாத்துக் குடுக்கிறா. ஒரு வருசம் தவறினதில்லை, பாருங்கோ” என்று தேர்முட்டியடியில் நின்று பெருமையாகச் சொல்வார். சட்டை தைப்பித்த பெண்கள் நிலத்தைப் பார்ப்பார்கள்.

2018 திருவிழாவோடு இருபத்தொரு வருடம். அந்த ஆவணியில்தான் சட்டை பிடித்தது.

புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்தார்கள். பிறகு ஊசிமருந்து, தலைமயிர் கொட்டி, மாதத்துடக்கு ஒரேயடியாக நின்றது. பிறகு கதிர்வீச்சுப் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து மருத்துவர் ஒரு குளிசையை எழுதிக் கொடுத்த நாளில், கிளினிக்கில் அற்புதராணி மிஸி மீனாக்காவை நீட்டு வாங்கில் தன் பக்கத்தில் இருத்திக் கதைத்தார். ஆஸ்பத்திரியில் தாதியரை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் ஆரணியும் பக்கத்தில் இருந்தாள்.

“ஒண்டு கேக்கட்டே மிஸி? கோயிலுக்கெண்டு வருசா வருசம் குளிசை போட்டனான். அதாலையோ எனக்கு இது வந்தது?”

“எத்தினை நாள் போடுவியள்?”

“ஒரு பதினைஞ்சு நாள். இருபத்தொரு வருசம்.”

மிஸி பேனையை மூடி வைத்தார். “அதாலை எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. எத்தினையோ பேர் போடினம், அவைக்கு வரேல்லை. ஒண்டும் போடாத ஆக்களுக்கும் வருது. டொக்டரைக் கேளாமல் ஹோர்மோன் குளிசை போடுறது பிழை. அது வேறை கதை. ஆனா உங்களுக்கு ஏன் வந்தது எண்டு விரல் நீட்டிக் காட்ட என்னாலை ஏலாது.”

மீனாக்கா தலையாட்டினார். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை.

“பொம்பிளையளின்ரை உடம்பிலை ஊறுற ஹோர்மோனைத் திண்டு வளந்த கட்டி உங்கடை. மாதவருத்தம் நிண்டாப் பிறகும் உடம்புக் கொழுப்பு அதைக் கொஞ்சங் கொஞ்சமாச் செய்துகொண்டுதான் இருக்கும். அதுதான் நடக்கச் சொல்லுறம். ஒவ்வொரு நாளும் வேர்க்க நடந்தா அது கொஞ்சம் அடங்கும். திருப்பி வாற சாத்தியம் குறையும். குறையும் எண்டுதான் சொல்லுறன், வராதெண்டு சொல்லேல்லை. தோட்டம் கொத்துற மனுசியளும் இஞ்சை வருகினம். நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பியள்?”

“மிசினிலை இருந்து குசினிக்கு. குசினியிலை இருந்து மிசினுக்கு.”

மிஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரணியும் சிரித்தாள். பிறகு மிஸி குளிசைக் கார்ட்டைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் குளிசை அந்த ஹோர்மோனைப் பிடிக்க விடாமல் மறிக்கும். ஐஞ்சு வருசம், ஒரு நாளும் தவறக்கூடாது. நடை இதுக்குத் துணை. இதுக்குப் பதில் இல்லை. விளங்குதே?”

“ஓம் மிஸி.”

நடை தொடங்கிவிட்டது. விடிய ஐந்தரைக்குச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மீனாக்கா ஒழுங்கையில் இறங்குவார். தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் நடப்பதை ஊர் பார்த்திருக்கிறது. ஒரு பெண் ஒன்றுக்கும் இல்லாமல், கையில் பூத்தட்டும் இல்லாமல் வீசி நடப்பதை அப்போதுதான் பார்த்தது. ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கிற சுபாஸ்கரன் முதல்நாளே வாயை விட்டான்.

“என்ன மீனாக்கா, ஸ்கூட்டிக்குப் பெற்றோல் முடிஞ்சு போச்சோ?”

“ஸ்கூட்டிக்கு இருக்கடா. எனக்குத்தான் முடியப்போகுதாம். அதுக்கு முதல் ஓடிப் பாக்கிறன்.”

அடுத்த நாள் சுபாஸ்கரன் பகிடி விடவில்லை. கடைவாசலில் கிடந்த சோடாப் பெட்டிகளை உள்ளே இழுத்து நடக்க வழி விட்டிருந்தான்.

அவர் கோயிலின் வெளிவீதியைச் சுற்றுவார். எங்கள் வீட்டு மதிலடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றால் அவர் ஒவ்வொரு முறையும் மூலையில் திரும்புவது தெரியும். எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்று. அடுத்த நாளும் இருபத்தொன்று. மழை பெய்த நாளில் குடையோடு இருபத்தொன்று. கொரோனா ஊரடங்கில் கோயில் வீதிக்குப் போக முடியாதபோது தன் வீட்டு வளவுக்குள் கிணற்றையும் மூன்று தென்னைகளையும் சுற்றி வந்தார், அதுவும் இருபத்தொன்று. வளவில் ஒரு தடம் விழுந்தது.

“தம்பி, நீர் எண்ணிறீர் போலை” என்று ஒருநாள் மதிலுக்கு அப்பால் நின்று கேட்டார்.

“இல்லையக்கா.”

“எண்ணும், எண்ணும். நான் மறந்து போனா ஞாபகப்படுத்தும்.”

ஏன் இருபத்தொன்று என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் அந்த நாட்களில் செய்தார். இல்லாத மார்புக்குச் சட்டைக்குள் வைக்கப் பஞ்சைத் துணியில் பொதிந்து தைத்தார். பாரமில்லாததால் சட்டை அந்தப் பக்கம் மேலே ஏறியது. அவிழ்த்து, பஞ்சுக்கு நடுவில் கடுகு நிரப்பிப் பார்த்தார். நிறை சரியாக நின்றது. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த ஒருத்திக்கு ஒன்று, அவள் சொல்லி வந்த இன்னொருத்திக்கு ஒன்று என்று தைத்துக்கொண்டு போனார். “மனுசியளின்ரை நெஞ்சு இவ்வளவு பாரம் எண்டு கடுகு அளக்கேக்கைதான் தெரியுது” என்று ஆரணியிடம் சொன்னாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று எல்லாரும் நினைத்தோம். முகத்தில் நிறம் வந்தது. மயிர் சுருண்டு வளர்ந்தது. மாதத்தில் ஒருநாள் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்து வருவார்.

2022 ஆனி. கொடியேறுவதற்கு முதல்நாள் பின்னேரம் ஆரணி சீலைக்கு ஊசி தேடி மிசின் லாச்சியை இழுத்தாள். லாச்சி பாதியில் இறுகியது. கையை உள்ளே விட்டு இழுத்தால், சட்டைத் துணியின் கரைத்துண்டால் கட்டிய கட்டுகள். கிளினிக்கின் திகதி எழுதிய உறைகளோடு கார்ட் கார்ட்டாகக் குளிசை.

“அம்மா, உது என்ன?”

“லாச்சியை மூடு.”

“ஒண்டும் உடைக்கேல்லை. கிட்டத்தட்ட மூண்டு வருசத்து மருந்து. மிஸி கேக்கேக்கை ஓம் ஓம் எண்டு தலையாட்டினனீங்கள்.”

“கத்தாதை. அப்பா கிணத்தடியிலை நிக்கிறார்.”

“நிக்கட்டும். அவருக்கும் கேக்கட்டும்.”

மீனாக்கா எழுந்து கதவைச் சாத்தினார். “முதல் நாலு மாதம் போட்டனான் பிள்ளை. உடம்பு குபீரெண்டு கொதிக்கும், தண்ணியிலை நனைச்ச சீலையைப் போத்துக்கொண்டு இருப்பன். அதைத் தாங்கலாம். மனந்தான் கேக்கேல்லை. இருபத்தொரு வருசம் வரவேண்டியதைக் குளிசை போட்டு மறிச்சுப் போட்டு, சுத்தக்காரி மாதிரி அம்மாளாச்சிக்கு முன்னாலை போய் நிண்டனான். அதுக்குத்தான் அவ தந்தவ. இப்பவும் ஒரு குளிசையைத் தந்து மறி எண்டினம். நான் மாட்டன். வருசத்துக்கு ஒரு சுத்தெண்டு நடந்து கழிக்கிறன். மிஸியும் நடக்கத்தானே சொன்னவ.”

“மிஸி துணை எண்டவ. பதில் இல்லை எண்டவ. நானும் பக்கத்திலைதானே இருந்தனான்.”

“நடக்கிறதாலைதானே இவ்வளவு நாளும் ஒண்டும் வரேல்லை.”

“உங்களுக்கு விசரே அம்மா? அம்மாளாச்சியும் பொம்பிளைதானே. அவவுக்குத் தெரியாததே?”

மீனாக்கா மிசினடியில் இருந்தார். மிசினில் மாட்டியிருந்த சட்டையின் கையை நீவி நீவி விட்டார். கடைசியில், “ஐஞ்சாம் திருவிழா முடியட்டும். அண்டைக்கே தொடங்கிறன். உன்மேலை ஆணை. ஆனா அப்பாக்குச் சொல்லிப் போடாதை. அந்த மனுசன் அம்மாளாச்சி நாள் பாத்துக் குடுக்கிறா எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியுது” என்றார்.

சொன்னபடி தொடங்கினார். ஆரணி ஒவ்வொரு இரவும் பக்கத்தில் நின்று விழுங்குவதைப் பார்த்தாள். ஆனால் அந்தக் கார்த்திகையில் என் கணக்குத் தப்பத் தொடங்கியது. ஒருநாள் பதினைந்து சுற்று. ஒரு கிழமை கழித்து ஒன்பது. மூலையில் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“கனக்க நடந்து இடுப்பு எலும்பு தேஞ்சுபோச்சு தம்பி. எண்ணெய் போட்டா மாறும்.”

நல்லெண்ணெய் பூசினார். ஒத்தடம் கொடுத்தார். மாறவில்லை. அடுத்த தை மாதத்தில் படம் எடுத்துப் பார்த்தபோது, நோய் இடுப்பெலும்பிலும் முள்ளந்தண்டிலும் இருந்தது.

கிளினிக்கில் ஆரணி மறைக்காமல் மிஸிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அற்புதராணி மிஸி ஏசவில்லை. மீனாக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாராம். “கொதிக்குது, மனம் கேக்குதில்லை எண்டு எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மீனாம்பிகை. அதுக்கும் வழி இருந்தது.”

“போட்டிருந்தா வந்திராதோ மிஸி?”

“வராமல் இருக்கக் கூடுதல் வாய்ப்பு இருந்திருக்கும். வந்தும் இருக்கலாம். இதுக்கும் நான் விரல் நீட்டமாட்டன்.”

அதற்குப் பிறகு வேறு குளிசை, வேறு ஊசி. இப்போது ஒன்றையும் தவறவிடவில்லை. மிசினை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு, முடிந்த நாட்களில் இருந்து கடுகுப் பொதி தைத்தார். 2023 திருவிழாவுக்கு அவரைக் காரில் ஏற்றிக் கோயில் வாசலில் இறக்கி, இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுபோய் ஐயருக்கு முன்னால் நிறுத்தினார்கள். திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்தபோது ஆரணியிடம் சொன்னார்: “பாத்தியே. துடக்கு நிண்டு ஐஞ்சு வருசம். இனிக் குளிசை ஒண்டும் தேவையில்லை, பன்னிரண்டு நாளும் போய் நிக்கலாம். கால்தான் இல்லை.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த வருடம் கொடியேற ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு பின்னேரம் மீனாக்கா செத்துப்போனார். ஐம்பது வயது.

செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை தில்லையண்ணையின் ஆட்கள் ஒருவரும் கோயில் வாசல் மிதிக்க முடியாது. கோயில் சபைக்காரர் தயங்கித் தயங்கி வந்து, ஐந்தாம் திருவிழாவை இந்த வருடம் பொதுவில் செய்யலாமா என்று கேட்டார்கள். தில்லையண்ணை ஓம் என்றார். ஒரு மாதத்துடக்கு அந்தத் திருவிழாவை மறித்துவிடக்கூடாது என்று மீனாக்கா பயந்து பயந்து தள்ளிவைத்தது எல்லாம், கடைசியில் இப்படி ஒரு முழுத் துடக்காக வந்து வாசலில் நின்றது.

ஐந்தாம் திருவிழா அன்றைக்கு நானும் கோயிலுக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் இன்னும் திருப்பிக் கொடுக்காமல் கிடந்தன. ஒன்றில் தில்லையண்ணை. வாசற்படியில் ஆரணி. கோயிலில் மேளம் தொடங்கியது.

“இருபத்தொரு வருசமா அம்மாளாச்சி நாள் பாத்துக் குடுத்தவ” என்றார் தில்லையண்ணை. “பிறகு வருத்தம் வந்தும் ஒரு வருசம் விடாமல் கூட்டிக்கொண்டு போய் நிப்பாட்டினவ. இந்த முறைதான் பாக்காமல் விட்டிட்டா.”

ஆரணி உள்ளே பார்த்தாள். மிசின் மேல் துணி மூடியிருந்தது.

“அம்மாளாச்சி நாள் பாக்கேல்லை அப்பா. அம்மாதான் பாத்தவ.”

சொல்லத் தொடங்கியவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோயிலுக்குப் போட்ட குளிசை, லாச்சியில் கட்டி வைத்த குளிசை, வருடத்துக்கு ஒரு சுற்று. அந்தக் கதிரையில் இருந்துதான் எனக்கும் விளங்கியது, மதிலடியில் நின்று மூன்று வருடம் நான் எதை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று.

மேளம் வெளிவீதிக்கு வந்துவிட்டது. தில்லையண்ணை யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

“முதல் வருசம் நான் தனியத்தானே போய் நிண்டனான். என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லையே. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, இருபத்தொரு வருசமும் தனியப் போய் நிண்டிருப்பனே மீனா.”

எழுந்து படலையடிக்குப் போனார். திறக்கவில்லை. தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மீனாக்கா திரும்புகிற மூலையில் தீவட்டி வெளிச்சம் தெரிந்தது, மெல்லத் திரும்பியது, சுவருக்கு அப்பால் போனது. அம்மன் ஒரே ஒரு தரம் வீதியைச் சுற்றிவந்து உள்ளே போய்விட்டாள்.